மாலியில் நான் விழுங்கிய கல்

கல்லை வாயில் போடாதீர்கள். ஆப்பிரிக்கப் பக்கம் கல் வாங்கப் போகிற புதுப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் கம்பனிக் கந்தோரில் கேட்டபோது, எனக்கு முதலில் தோன்றிய புத்திமதி அதுதான். சொன்னதும் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "மாமா, அது யாரு இப்ப கல்ல வாயில போடுறா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நான்தான் போட்டேன் அம்மா. போட்டது மட்டுமில்லை, விழுங்கியும் விட்டேன்.

நீங்கள் படித்துவிட்டு, லென்ஸும் லைட்டும் சின்னச் சின்ன மெஷினும் கொண்டு வருகிறவர்கள். நான் நிவித்திகலப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பால் வெட்டப் போக மனமில்லாமல் இரத்தினபுரிக்கு ஓடிவந்து, கல் பட்டறையில் வளர்ந்தவன். தோண்டி எடுத்த கல்லின் மேல் மங்கலாக ஒரு தோல் இருக்கும். நனைத்தால்தான் உள்ளே தெரியும். தண்ணீர் சட்டென்று காய்ந்துபோகும், எச்சில் கொஞ்ச நேரம் நிற்கும். அதனால் எங்கள் காலத்து ஆட்கள் கல்லை நாக்கில் ஒரு உருட்டு உருட்டி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்ப்பார்கள். அப்படிப் பார்க்காதவனைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும், இவனுக்குத் தொழில் தெரியுமா என்று. இந்தப் பழக்கம் நம் ஊரில் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. வேறு ஊரில் படும் என்று எனக்கு யோசனை வரவில்லை.

என்னை மாலிக்கு அனுப்பியவர் நம் பழைய முதலாளி. எல்லோரும் ஹாஜியார் என்போம். "ராசையா, ஒனக்குக் கண்ணு நல்லம். அங்க பச்சக் கல்லு வருதாம். போயிட்டு வா" என்றார். போயிட்டு வா என்று சொல்வது சுலபம். போவதும் வருவதுமாக அதிலேயே என் வயது கழிந்துபோனது.

உலகப் படத்தில் மாலியைப் பாருங்கள். கடல் இல்லாத நாடு. வடக்குப் பாதி சஹாரா, வெறும் மணல். தெற்கே மழை உண்டு, பருத்தி விளையும். நடுவே நைஜர் ஆறு பாலைவனத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிவராது என்று திரும்பி ஓடுகிறது. ஒரு காலத்தில் வடக்கிலிருந்து ஒட்டகத்தில் உப்புப் பாளம் வரும், தெற்கிலிருந்து தங்கம் போகும். அந்த வியாபாரத்தின் மேலேயே பெரிய பெரிய ராஜ்யங்கள் எழும்பியிருக்கின்றன. மக்காவுக்குப் போன ஒரு மன்னர் வழியெல்லாம் வாரிக் கொடுத்ததில் கெய்ரோவில் தங்கத்தின் விலையே இறங்கிவிட்டதாம். இன்றைக்கும் ஏற்றுமதியில் தங்கம்தான் முதல். அதற்குப் பிறகு பருத்தி, ஆடு மாடு. ஆனால் தங்கம் தோண்டுகிற ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீர்க் குழாய் இருக்காது. தேயிலையும் இறப்பரும் எந்த நாட்டுக்குப் போனது, நம் லயக் கூரை எப்படி ஒழுகியது என்று தெரிந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் இருந்தது மேற்கே, காயெஸ் என்ற ஊரில். செனகல் ஆற்றங்கரை. பிரெஞ்சுக்காரர் முதலில் அதைத்தான் தலைநகராக வைத்திருந்தார்கள், பிறகு பமாக்கோவுக்கு மாறிப் போனார்கள். கடற்கரைப் பக்கம் டக்கார் வரைக்கும் சாமான் ஏற்றப் போட்ட ரயில் பாதை உண்டு. நான் இருந்தபோது பயணிகள் ரயில் ஓடவில்லை. ஸ்டேஷன் மட்டும் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி வெறிச்சென்று கிடந்தது. வெயில் என்றால் வெயில், சட்டைப் பொத்தான் சுடும். தூசிக் காலம் வந்தால் வானமே மஞ்சளாகிவிடும்.

தகரக் கூரை போட்ட ஒரு அறையில் குடியிருந்தேன். அந்தத் தனிமையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு வாரம் முழுக்க யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் போகும். சோறு ஆக்குவேன், ஆக்கிய பிறகு சாப்பிடத் தோன்றாது. சுவரில் இருந்த பல்லியிடம் தமிழ் பேசியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். கல் வாங்கும் இடத்தில் கூட்டமாக இருப்பார்கள். தொழுகைக்கு அழைத்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். மரத்தடியில் நானும் நாலைந்து ஆடுகளும் மிஞ்சுவோம். மனிதர்கள் நல்லவர்கள். ஆனால் நான் அவர்களுக்குக் கல் வாங்க வந்த ஆள், அவ்வளவுதான்.

காயெஸிலிருந்து அரை நாள் லொறிப் பயணத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே நல்ல பச்சைக் கல் கிடைத்திருக்கிறது என்று தரகர் பக்காரி என்னைக் கூட்டிப் போனார். அந்தப் பகுதியில் இளவயது ஆம்பிளைகளைக் காண்பது கஷ்டம். பாதிப் பேர் பிரான்சில். பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஊரில் எது சிமெந்தில் இருக்கிறதோ அது பிரான்சிலிருந்து வந்த காசு. விசா கிடைக்காதவர்கள் கடற்கரைக்குப் போய்ப் படகு ஏறுவார்கள். சிலர் போய்ச் சேருவார்கள். சிலரைப் பற்றி வீட்டுக்கு ஒரு செய்தியும் வராது.

கல் சீரா என்ற பெண்ணுடையது. முப்பது வயது இருக்கும். குன்றடியில் அவளே தோண்டி எடுத்தது. தாய் தகப்பன் இல்லை. மூத்த அண்ணன் பாரிஸில். கூட இருந்தது தம்பி டெம்பா ஒருவன்தான், கல்யாண வயது வந்த வாட்டசாட்டமான ஆள். அவன் அடுத்த சந்தை நாளன்று லொறி ஏறிக் கடற்கரைக்குப் போவதாக இருந்தான். சீரா அவனிடம் கெஞ்சி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். கல் விற்றுப் போனால் ஒரு தண்ணீர் மோட்டர் வாங்கித் தருவேன், ஆற்றோரத்து நிலத்தில் வெங்காயம் போடு, போகாதே என்று. அவனும் அரைமனதாக, கல் விற்றால் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருந்தான். இதெல்லாம் வரும் வழியிலேயே பக்காரி எனக்குச் சொல்லிவிட்டார்.

கல்லைக் கையில் வாங்கினேன். சுண்டல் கடலை அளவு. மேல்தோல் மங்கல்தான், ஆனால் அதற்குள்ளேயும் மழை விட்ட பிறகு வருகிற தேயிலைக் கொழுந்தின் பச்சை தெரிந்தது. கை என்னை அறியாமல் வாய்க்குப் போனது. நாக்கில் உருட்டினேன். சீரா "ஆ!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அந்தப் பக்கத்தில் கல்லை வாயில் போடுகிறவன் ஒருவன்தான், திருடன். நல்ல கல்லைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேறு கல்லைத் துப்பிவிட்டுப் போகிறவன். அவள் கத்தியதில் நான் திடுக்கிட்டேன். தொண்டையில் ஏதோ இறங்கியது. வாயைத் திறந்து பார்த்தால், ஐயோ கடவுளே, நாக்கு மட்டும்தான் இருக்கிறது.

ஒரு நிமிடத்தில் ஊரே கூடிவிட்டது. அவர்கள் பேசியது பம்பாராவும் பிரெஞ்சும். எனக்கு இரண்டும் அரைகுறை. நான் நம்ம பேச்சிலேயே சொல்கிறேன். "முழுங்கிட்டான், முழுங்கிட்டான்!" என்று ஒரு பக்கம். "வயித்தக் கீறிப் பாருங்க" என்று ஒரு கிழவர், அவர் சும்மா பகிடிக்குச் சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. சீரா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டெம்பாவைப் பார்த்தேன். அவன் முகத்தில் கோபத்தை விட வேறு ஏதோ இருந்தது. கல் போனால் வாக்கும் போனது, சந்தை நாளன்று லொறி அவனுக்குத்தான்.

பக்காரி என்னை ஓரமாக இழுத்தார். "ஒங்க பையில வேற பச்சக் கல்லு இருக்கில்ல? அந்தச் செடிப் பத்தைக்குப் பின்னால போங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அதக் கொண்டாந்து குடுங்க. வந்திருச்சுன்னு சொல்லுங்க. பொழுது சாய முந்தி காயெஸ் போயிரலாம்." இருந்தது, பையில் இரண்டு மூன்று இருந்தன. இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும். ஆள் கூட்டம், வெயில், வேற்று நாடு, பாஷை வராது, எல்லோரும் உங்களைத் திருடன் என்கிறார்கள். அப்போது தப்பிக்க ஒரு வழியை யாராவது காட்டினால் அது நல்ல வழி மாதிரியே தெரியும். நான் செய்யவில்லை. தன் கையால் தோண்டி எடுத்த கல்லை அவளுக்கு அடையாளம் தெரியாதா? அவள் பிடித்துவிட்டால் திருடன் என்ற பேச்சு உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு நம் ஊர் ஆள் ஒருவனும் அந்தப் பக்கம் கல் வாங்க முடியாது. இதுதான் நான் ஹாஜியாருக்குச் சொன்ன காரணம்.

ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். விருந்தாளி கல் வரும் வரைக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும். டெம்பா கூடவே இருந்து பார்த்துக்கொள்வான். எதற்காக எழும்பினாலும் நான் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும், அவன் கூட வருவான். பக்காரி தலையில் அடித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

வைத்தியம் ஆரம்பமானது. கம்பு மாவுக் களியும் வெண்டிக்காய்க் குழம்பும். வெண்டிக்காய் கோழையாக, தானே வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊர்ப் பொம்பிளைகள் அதைத்தான் விரும்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி வந்தது. அதற்கு மேல் புளிக் கரைசல். அதற்கும் மேல் அவித்த கௌப்பிப் பயறு.

கௌப்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாலியில் ஒரு வழக்கம் உண்டு. இன்ன குடும்பப் பெயருக்கு இன்ன குடும்பப் பெயர் கேலி முறை. நம் மாமன் மச்சான் மாதிரி, ஆனால் பெயரை வைத்து. முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் பெயரைக் கேட்டதும் கிண்டல் செய்யலாம், எதிராளி கோபிக்கக் கூடாது. பெரிய சண்டையைக் கூட இந்தக் கேலியால் ஆற்றிவிடுவார்கள். அதில் எல்லோரிடமும் அடி வாங்குகிற பெயர் கூலிபாலி. "கௌப்பி தின்னி" என்பதுதான் கூலிபாலிக்காரரைச் சொல்லும் சொல். நான் கௌப்பிச் சட்டியை வழித்துச் சாப்பிட்டு, "எங்க ஊர்ல காலையில இதுதான் சாப்பாடு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். பெரியவர் கை தட்டிச் சிரித்தார். "அப்ப நீ கூலிபாலிதான்! கல்ல முழுங்குன கூலிபாலி!" பெயரின் முன்பாதி, அந்தக் 'கூலி', காதில் விழுந்ததும் எனக்கு ஒரு மாதிரிச் சுருக்கென்றது, நம் ஆட்களை ஒரு காலத்தில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று. ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பு வேறு. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கிறவன் எல்லாம் நின்று ஒரு வார்த்தை வம்பு பேசிவிட்டுத்தான் போனான்.

நான் எழுந்து "டெம்பா, நான் போறேன்" என்பேன். உடனே வீட்டுக்கு வீடு குரல் வரும். "கூலிபாலி போறாரு!" "நல்லா முக்கச் சொல்லு!" "இந்த வாட்டி தங்கத்தையும் சேத்துப் போடச் சொல்லு!" டெம்பா பிளாஸ்டிக் கெண்டியில் தண்ணீரும் சலித்துப் பார்க்க ஒரு அரிதட்டும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான். வெட்கத்தில் செத்துப் போக வேண்டியவன்தான். ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், ஹாஜியாருக்குச் சொல்லாத உண்மை. எனக்கு அந்த ஊரை விட்டுப் போக அவசரமே இருக்கவில்லை. பக்காரி சொன்ன வழியை நான் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தொழுகை நேரத்தில் கூட டெம்பா என்னைப் பள்ளிவாசல் வாசலில், தன் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தொழுது முடித்ததும் வந்து எழுப்பிப் போவான்.

கல் வரவில்லை. சந்தை நாள் நெருங்கியது. சீரா வந்து வந்து என் முகத்தைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள், போய்விடுவாள். டெம்பாவின் பயணப் பை கட்டி வாசலில் தயாராக இருந்தது.

ஊருக்குப் பின்னால் ஒரு மேடு. அதில் ஏறினால்தான் போன் வேலை செய்யும். ஒரு சாயங்காலம் டெம்பாவோடு ஏறினேன். என் மனைவி பார்வதி எடுத்தாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். வெண்டிக்கா கொழம்பு."

"அங்கயும் வெண்டிக்காயா! ஒடம்புக்கு ஒன்னும் இல்லயே?"

"எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன். நல்ல ரூமு, நல்ல ஆளுங்க. புள்ளைங்க எப்புடி?"

பேசி முடித்ததும் டெம்பா கேட்டான், வீட்டில் என்ன சொன்னாய் என்று. சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கல்ல முழுங்குனத சொல்லலயா?"

"இல்ல."

"நாங்க ஒன்னய புடிச்சு வச்சிருக்கிறத?"

"இல்ல."

"காயெஸ்ல தகரத்துக்குக் கீழ தனியா வேகுறியே, அதயாவது?"

"அத இன்னக்கி மட்டுமில்ல, ஒரு நாளும் சொன்னதில்ல."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கீழே ஊரைப் பார்த்தான். "எங்க அண்ணனும் பாரிஸ்லேருந்து பேசும். எப்ப கேட்டாலும் ராசா மாதிரி இருக்கேன்னுதான் சொல்லும்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்க எப்புடி இருக்கும்? நெசத்தச் சொல்லு" என்று கேட்டான்.

எனக்குப் பாரிஸ் தெரியாது. காயெஸில் என் அறைதான் தெரியும். அதைச் சொன்னேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார்? நானே வீட்டை விட்டு வந்து கிடக்கிறவன். என் மகளுக்குக் காது குத்தும்போது நான் இல்லை என்று சொன்னேன். ஊருக்குப் போனால் என் பிள்ளைகள் என்னை விருந்தாளி மாதிரிப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ஊருக்கு அனுப்புகிற காசைப் பார்க்கிறவர்களுக்கு அனுப்புகிறவன் தெரிவதில்லை என்று சொன்னேன். உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். தமிழில் என்றால் இவ்வளவும் வாயில் வந்திருக்காது. இறங்கும்போது சரளை வழுக்கியது, டெம்பா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் கல் வந்தது. டெம்பா தண்ணீர் ஊற்ற, நான் அரிதட்டைப் பிடித்து அலசினேன். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டயில் எத்தனையோ கூடை மண் அலசியவன், அதே சுழற்றுத்தான். அடியில் பச்சை மின்னியது. டெம்பா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடினான், நான் சாரத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கூச்சல் என்றால் கூச்சல், தேர் நிலைக்கு வந்த மாதிரி. சீரா கல்லைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் கல்தான் என்று தலையாட்டினாள். பிறகு என்னிடம் நீட்டி, "என்ன கூலிபாலி, மறுபடி வாயில போட்டுப் பாக்கணுமா?" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

விலையில் நான் விளையாடவில்லை. இரத்தினபுரியில் அந்தக் கல்லுக்கு என்ன மரியாதையோ அதற்கேற்பக் கொடுத்தேன். மோட்டருக்கும் குழாய்க்கும் விதைக்கும் காசு காணும் என்று சீரா கணக்குப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் தம்பி மேலேயே இருந்தது. அரைமனதாகக் கொடுத்த வாக்குத்தானே. வாசலில் இருந்த பை இன்னும் அங்கேயே இருந்தது.

மறுநாள் லொறி வந்தது. காயெஸ் வழியாகத்தான் கடற்கரைப் பக்கம் போகிறது. மேலே சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஏழெட்டு இளவட்டங்கள். டிரைவர் "டெம்பா, ஒன் எடத்த வச்சிருக்கேன், ஏறு!" என்று கத்தினார். டெம்பா ஒரு பையைத் தூக்கி மேலே எறிந்தான். சீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகுதான் பார்த்தேன், அது என் பை.

"ஏறு அண்ணே, எடம் இருக்கு" என்றான். "நான் மோட்டர் பாக்கச் சந்தைக்குப் போகணும்."

அவனுக்கு வைத்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். சீரா ஓடிவந்து துணியில் கட்டிய வேர்க்கடலையைக் கையில் திணித்தாள். ஊர் முழுக்க நின்று "கௌப்பி தின்னி! கௌப்பி தின்னி!" என்று கத்தி அனுப்பியது. மூட்டைகளுக்கு நடுவே இருந்த பையன்கள் வழி முழுக்கக் கடல் பயணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. காயெஸில் என்னை இறக்கிவிட்டு லொறி போனது.

பிள்ளைகளே, தொழிலில் இந்தக் கதையை என் பெருமையாகச் சொல்வார்கள், கல்லை மாற்றாமல் கொடுத்த ஆள் என்று. அந்தக் கல்லை ஹாஜியார் நல்ல இடத்தில் கொடுத்தார். நம் ஆட்கள் அந்தப் பக்கம் பல காலம் மரியாதையோடு கல் வாங்கினார்கள். இப்போது அங்கே சண்டை, நிலைமை சரியில்லை. போவதானால் விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள், அதில் நனைத்துப் பாருங்கள். இவ்வளவும் தொழிலுக்கு.

நான் அந்தச் சாயங்காலம் அறைக்கு வந்து கதவைத் திறந்தேன். உள்ளே தகரச் சூடு, பூட்டிக் கிடந்த வாடை. கட்டிலில் உட்கார்ந்து கடலையைக் கொஞ்சம் தின்றேன். வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. எழும்பி, பழக்கத்தில், "டெம்பா, நான் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, யாராவது ஏதாவது கத்துவார்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.